கரும்பலகையில் நம் வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா? கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாமல் போடுகிறாயா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த வாரம் ஏழாம் வகுப்புக்கு வரைபடப் பாடம். அவரவர் வீட்டை வரைந்து, யார் எங்கே உட்காருவார்கள் என்று குறிக்கச் சொன்னேன். மாதிரிக்குப் பலகையில் நம் வீட்டைப் போட்டேன். ஜன்னலோரம் நீயும் உன் தையல் மெஷினும். ஒரு வாயாடி விடவில்லை.

"டீச்சர், உங்கம்மா இப்பவும் அங்கதான் தைக்கிறாங்களா?"

"ஆமா" என்றேன். பிறகுதான் உறைத்தது. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் மெஷினை யாருக்கோ கொடுத்துவிட்டாய் என்று தம்பி சொன்னானே! அன்று பாதி கேட்டும் பாதி கேட்காமலும் உம் கொட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

'உங்கள் பிள்ளை இந்த வாரம் என்ன செய்தது' என்று வெள்ளிக்கிழமை தவறாமல் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் வீட்டுக்கும் எழுதி அனுப்புகிறேன். உனக்கு எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

என் பழைய போர்வையை அனுப்பு, இங்கே குளிர். கூடவே ஒரு தாளில் வீட்டை வரைந்து வை. கோடு கோணினாலும் பரவாயில்லை. இப்போது நீ எங்கே உட்காருகிறாய் என்று ஒரு புள்ளி வைத்தால் போதும். பிள்ளைகள் முன்னால் திருத்த வேண்டும். வகுப்பிலேயே வீட்டைத் தப்பாக வரைந்தவள் நான் ஒருத்திதான்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்