இடுப்பில் கனம் இல்லாத ஏழு நிமிடங்கள்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

அப்பாசியாவில் கடை வைத்திருக்கும் தையல்காரர் மூன்றாவது குர்தாவையும் சரிசெய்து கொடுத்துவிட்டார். வலது பக்கம் கொஞ்சம் கூடுதல் துணி, பக்கத் திறப்பு இன்னும் மேலே வரை, பேன்ட்டில் கெட்டியான பெல்ட் லூப் ஏழு. "எதுக்கும்மா இத்தனை லூப்பு? மாட்டைக் கட்டப் போறியா?" என்றார். இடுப்பு வலிக்கு டாக்டர் பெல்ட் போடச் சொல்லியிருக்கிறார் என்றேன். பொய். ஆனால் இந்த வேலையில் கேட்கிற எல்லாருக்கும் உண்மையைச் சொல்ல முடியாது.

சிவகங்கை ஆயுதப்படையில் பத்து வருஷம் துப்பாக்கி தூக்கினேன். அங்கே அது எல்லார் கண்ணிலும் பட வேண்டும். இங்கே யார் கண்ணிலும் படக் கூடாது. குனிந்தால் தெரியக் கூடாது, உட்கார்ந்தால் இடிக்கக் கூடாது, தேவைப்பட்டால் மட்டும் கைக்கு வர வேண்டும். குவைத்துக்கு வந்து இதைப் பழகவே நாலு மாதம் ஆனது.

ஹெஸ்ஸா மேடம் குடும்ப வழக்குகள் நடத்துகிற வக்கீல். ஒரு கட்சிக்காரியின் முன்னாள் கணவன், பிள்ளை தாயோடு போனதற்கு மேடம்தான் காரணம் என்று மிரட்டி மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தான். அதிலிருந்து நான் அவருடன் போகிறேன். சலூன், கல்யாண மண்டபத்தின் பெண்கள் பகுதி என்று ஆண் காவலர் நுழைய முடியாத இடத்துக்கெல்லாம் நான் போகலாம். எங்கள் செக்யூரிட்டி கம்பெனியில் ஆயுத அனுமதி இருப்பது நாலு பேருக்கு. அதில் ஒரே பெண் நான். டூட்டி முடிந்தால் அது கம்பெனி லாக்கருக்குப் போய்விடும். அறைக்கு நான் வெறும் பானுப்பிரியாவாகத்தான் திரும்புகிறேன். நல்லது அது. நன்றாகத் தூக்கம் வருகிறது.

4 பிப்ரவரி, செவ்வாய்

துப்பாக்கியை எடுத்து, திரும்ப வைக்கிற மாதப் பரிசோதனை. எங்கள் மேலதிகாரி கௌஸ் முகைதீன் சார் நேரம் பார்த்தார். இடது கையால் குர்தாவைத் தூக்கு, வலது கையால் பிடி, விரல் விசைக்கு வெளியே நீளமாக இருக்கட்டும். எடுப்பதில் குறை சொல்லவில்லை. உறைக்குள் திரும்ப வைக்கும்போதுதான் அதட்டினார். குர்தாவின் ஓரம் உள்ளே மாட்டியிருந்தது.

"ஏம்மா, எடுக்கத்தான் அவசரம் வரும். வைக்கிறதுக்கு என்ன அவசரம்? துணி போய் விசைல மாட்டுச்சுன்னா உன் தொடை போயிரும்."

பிறகு, அந்த கீழக்கரைக் குரலில் மெதுவாக: "அது உங்கிட்ட இருக்கிறது அடுத்தவனுக்குத் தெரியவே கூடாது. உனக்கு ஒரு நிமிஷம்கூட மறக்கக் கூடாது."

ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். கோபப்பட்டாலும் ஒருமுறைகூட என்னைக் கேவலப்படுத்தியதில்லை. இப்படி ஒரு மேலதிகாரி ஊரில் எனக்கு வாய்த்ததில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

இன்று ஒன்றும் நடக்கவில்லை. இந்த வேலையில் இதைவிட நல்ல நாள் கிடையாது.

11 பிப்ரவரி, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா பார்க்கிறேன்.

காலையில், மிரட்டி மெசேஜ் அனுப்புகிற அந்த ஆள் மேடத்தின் அலுவலக பார்க்கிங்கில் நின்றான். போட்டோவில் பார்த்த அதே முகம். எங்களைப் பார்த்ததும் பத்தடி நடந்து வந்தான். மேடத்தை என் முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். இடது கை குர்தாவின் ஓரத்துக்குப் போய்விட்டது, தூக்கவில்லை. என் கண் அவன் முகத்தில் இல்லை, இரண்டு கைகளில் இருந்தது. வெறும் கைகள். "நில்லு!" என்று அரபியில் கத்தினேன். நின்றான். எதையோ திட்டிவிட்டு வண்டியேறிப் போய்விட்டான். மேடம் அங்கிருந்தே போலீசுக்குப் போன் செய்தார்.

டிரைவர் ஆரிப், காயல்பட்டினத்துப் பையன், தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். "அக்கா, அவன் வண்டி போயிட்டு. நீங்க இதைக் குடிங்க மொதல்ல." ஒரே மூச்சில் குடித்தேன். அப்புறம் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து நேராக மேடத்தின் அம்மாவை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனோம். அதுவரை நான் பாத்ரூம் போகவில்லை.

மூன்றாவது மாடி. ஆரிப்பை சிகிச்சை அறை வாசலில் நிறுத்திவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். துப்பாக்கியை உறையோடு கழற்றி, சுவரில் இருந்த டிஷ்யூ பெட்டியின் மேல் வைத்தேன். கழற்றவே கூடாது, உடையோடுதான் இருக்க வேண்டும், தெரியும். தெரிந்தும் வைத்தேன். ஒரு நிமிஷம்தானே என்று.

முகம் கழுவினேன். திரும்பி வந்தேன். அதற்குள் அம்மாவின் சிகிச்சை முடிந்திருந்தது. லிப்டில் இறங்கினோம், வண்டியில் ஏறினோம். சீட் பெல்ட்டை இழுத்தபோதுதான்—

வலது இடுப்பில் கனம் இல்லை.

ஆரிப்பிடம் கதவுகளைப் பூட்டச் சொல்லிவிட்டு மாடிப்படியில் ஓடினேன். அந்த மாடியில் குழந்தைகள் கிளினிக்கும் இருக்கிறது. ஓடும்போது அது மட்டும்தான் மனதில். யாராவது ஒரு பிள்ளை. அவ்வளவுதான். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

கழிவறை வாசலில் பச்சைச் சீருடை போட்ட ஒரு பெண், நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். துப்புரவு வேலை செய்கிறவள். முப்பது வயது இருக்கும். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்கட சாமானோ அக்கா? நான் தொடேல்லை. ஒருத்தரையும் உள்ளுக்கு விடேல்லை."

உள்ளே போனேன். வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மாட்டிக்கொண்டு வெளியே வந்து அவள் கையைப் பிடித்தேன். பெயர் யோகேஸ்வரியாம், முல்லைத்தீவு. "எங்கட ஊரில கிடக்கிற ஒண்டையும் கையால எடுக்கப்படாது எண்டு சின்னனிலேயே தெரியும். என்ர தம்பி எடுத்தவன், வெடிச்சிட்டுது. மூண்டு விரல் இல்லை" என்றாள், சாதாரணமாக. நம்பர் வாங்கிக்கொண்டு இறங்கினேன். மொத்தம் ஏழு நிமிஷம்.

மேடத்திடம் போனை மறந்துவிட்டேன் என்றேன். லாக்கரில் துப்பாக்கியை ஒப்படைக்கும்போது சாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்தப் பெண் நல்லா இருக்கணும்.

13 பிப்ரவரி, வியாழன்

மறுபடி அதே கட்டிடம். யோகேஸ்வரிக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கிப்போயிருந்தேன். அவள் இல்லை. வேறொரு நேபாளப் பெண் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கு கம்ப்ளைன்ட், தீதி. டூட்டி மாஃபி" என்றாள், வேலை இல்லையாம்.

மாலையில் போன் செய்தேன். செவ்வாயன்று நான் திரும்பி ஓடி வருவதற்கு முன் ஒரு தாய் சின்னப் பெண்ணோடு வந்திருக்கிறாள். யோகேஸ்வரி வழி விடவில்லை. பிள்ளை அங்கேயே உடையை நனைத்துவிட்டது. தாய் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். கம்பெனி இவளை வேலையிலிருந்து நிறுத்தி, தொழிலாளர் கேம்ப்பில் உட்கார வைத்திருக்கிறது. இந்த மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"ஏன் விடலைன்னு கேட்கலையா?"

"கேட்டவை. நிலம் ஈரமாக் கிடந்தது எண்டு சொன்னனான்."

"ஏம்மா நெசத்தச் சொல்லல?"

"சொன்னா உங்களையெல்லோ பிடிப்பினம் அக்கா."

போனை வைத்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருத்திக்காக வேலையையே விட்டிருக்கிறாள். கட்டிலில் பிரிக்காத பேரீச்சம்பழப் பெட்டி.

14 பிப்ரவரி, வெள்ளி

சொன்னால் என்ன ஆகும்? அனுமதி போகும். வேலை போகும். கேஸ் ஆகலாம். மகள் பிருந்தா எட்டாவது படிக்கிறாள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும் என்றிருக்கிறோம்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சரவணகுமார் எதற்கும் பதறாத ஆள். இன்று பதறினார்.

"பேசாம வாய மூடிக்கிட்டு இரு பானு. ஒன்ன ஜெயில்ல போட்டா நான் எங்கிட்டுப் போயி நிப்பேன்? அந்தப் புள்ளைக்கு வேற எதாச்சும் வழி செய்வோம்."

சரி என்றேன். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். பின்னால் மினி பஸ் ஹாரன் சத்தம்.

"ஏ, போயிச் சொல்லிப்புடு. அன்னிக்கி அந்தப் புள்ள நிக்காம, ஏதாச்சும் ஒரு கொழந்த அதை எடுத்திருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் சோறு எறங்குமா? ஆகுறது ஆகட்டும். வந்தா வா. நான் இருக்கேன்."

அழுகை வந்தது. பயத்தில் இல்லை. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு.

16 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சார் இரண்டு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை நிமிஷம்?"

"ஏழு சார்."

"சேம்பர்ல?"

"குண்டு இருந்துச்சு சார்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. என் இடுப்பிலிருந்த துப்பாக்கியை வாங்கி, மூலையில் இருந்த மணல் வாளிப் பக்கம் திருப்பி, மேகசினை உருவி, சேம்பரைக் காலி செய்து, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். என் அனுமதி அட்டையையும் வாங்கிக்கொண்டார். பிறகு ரிப்போர்ட் எழுதினார். 'கிளீனிங் பெண் ஒருவர் ஆயுதத்தைப் பாதுகாத்தார்' என்று படித்துக் காட்டினார்.

"சார், அவங்க பேர் போடுங்க. சிவபாலன் யோகேஸ்வரி."

நிமிர்ந்து பார்த்தார். அந்த வரியை அடித்துவிட்டுப் பெயரை எழுதினார். கதவு வரை வந்து, "தப்பு பெருசு பானு. நீயே வந்து சொன்னதையும் எழுதியிருக்கேன்" என்றார்.

மேடத்திடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "என் அம்மா அதே கழிவறைக்குத்தான் போவார்!" என்று கத்தினார். நியாயம். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மேசையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, "கலாஸ், முடிந்தது. அந்தப் பெண் வேலை பார்க்கிற கம்பெனி எது?" என்று கேட்டார்.

17 பிப்ரவரி, திங்கள்

அனுமதி கொடுத்த அலுவலகத்தில் வாக்குமூலம். நாலு மணி நேரம். அறைக்குத் திரும்ப விட்டார்கள். அதுவே போதும்.

20 பிப்ரவரி, வியாழன்

யோகேஸ்வரிக்கு டூட்டி திரும்பக் கிடைத்தது! மேடம் அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே, புகார் கொடுத்த தாயைத் தேடிப்பிடித்து நேரில் பார்த்து நடந்ததைச் சொல்லியிருக்கிறார். கேட்டதும் அந்த அம்மா தன் மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டாராம். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார். இன்று காலை மகளோடு மூன்றாவது மாடிக்குப் போய் யோகேஸ்வரியைப் பார்த்திருக்கிறார்.

"கட்டிப் பிடிச்சு அழுதவா அக்கா. அரபி எனக்கு விளங்கேல்லை. நானும் அழுதிட்டன்."

3 மார்ச், திங்கள்

நோன்பு தொடங்கிவிட்டது. ஒரு அலுவலகக் கட்டிடத்தின் வாசலில் பை ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கேஸ் இல்லை. அனுமதி இரண்டு மாதம் நிறுத்தம், மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு. நாள் முழுக்க மற்றவர்களின் பையைப் பார்க்கிறேன். சாவி, மாத்திரை, பிள்ளைகளின் பொம்மை. இதுவும் காவல்தான்.

மிரட்டிய ஆள் இனி நெருங்க மாட்டேன் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டானாம். ஆரிப் சொன்னான். அவனே நோன்புக் கஞ்சி ஒரு தூக்கு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். "நம்ம ஊருக் கஞ்சி அக்கா. ஒரு வாய் குடிச்சிப் பாருங்க."

20 ஏப்ரல், ஞாயிறு

தேர்வு. எடுப்பதில் பழைய வேகம் இல்லை. அதற்காக வருத்தமும் இல்லை. திரும்ப வைக்கும்போது நின்று, பார்த்து, குர்தாவை விலக்கி வைத்தேன். கழிவறை ஒத்திகையும் பத்து முறை செய்யச் சொன்னார் சார், வேண்டுமென்றேதான். பத்து முறையும் உறை என் உடையைவிட்டுப் பிரியவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். மேடம் வேறு ஆளைக் கேட்கவில்லையாம். இரண்டு மாதமும் தற்காலிக ஆளையே வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். இந்த நம்பிக்கைக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

2 மே, வெள்ளி

யோகேஸ்வரிக்கு லீவு நாள். அறைக்கு வரச் சொல்லியிருந்தேன். வரும்போதே தேங்காய்ப்பாலும் மீனும் வாங்கி வந்து, என்னை அடுப்புப் பக்கம் விடாமல் சொதி வைத்தாள். நான் சோறு மட்டும் வடித்தேன். சாப்பிட்டுவிட்டு அவள் தம்பியோடு வீடியோவில் பேசினோம். நாலு வருஷத்துக்குப் பிறகு அடுத்த மாதம் ஊருக்குப் போகிறாள், தம்பிக்குக் கல்யாணம். பெண் கொடுக்கிறவர்கள் கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். அவன் இடது கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு, வாசலில் பந்தல் போடப்போகிற இடத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான்.

நாலு மணிக்குக் கிளம்பினாள். வாசலில் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவள் ஒரு நொடி தயங்கி, என் வலது இடுப்பைப் பார்த்தாள்.

"இண்டைக்கு ஒண்டும் இல்லைத்தானே அக்கா?"

"இல்லடி. லாக்கர்ல இருக்கு."

அப்புறம்தான் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.