உன் புருவமும் என் ஆறாம் வகுப்பும்

என் அருமை அம்மா,

உன்னை அடக்கம் செய்துவிட்டுச் சேக்காட்டு வீட்டுக்குத் திரும்பிய அன்று, எதிர்வீட்டு லில்லி அக்கா என் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அப்படியே உங்கம்மா புருவம்டி உனுக்கு. அவ எங்கியும் போவல." அந்தப் புருவத்தோடுதான் இந்த டோங்கா தீவுக்கு வந்தேன். சபை மூலமாக ஒரு வருடம், சம்பளமில்லாத டீச்சர் வேலை.

நீ ஒருநாளும் என்னிடம் தப்பு என்று வாய்திறந்து சொன்னதில்லை. குழம்பில் உப்பு இல்லையென்றாலும், வீட்டுப்பாடம் கோணலாக இருந்தாலும் புருவத்தைத் தூக்குவாய். நானே திருத்திக்கொள்வேன். இங்கேயும் அதையே செய்தேன். தப்பாக விடை சொன்ன பிள்ளையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கிவிட்டு, அதுவே யோசிக்கட்டும் என்று அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவேன். சிவப்பு மையைப் பார்த்தால் பயப்படுவார்கள் என்று நோட்டிலும் தப்புப் போடமாட்டேன். பிள்ளைகளும் பதிலுக்குப் புருவம் தூக்குவார்கள். என்னைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள் என்று எனக்குப் பெருமை வேறு.

இந்த ஊரில் புருவத்தைத் தூக்கினால் 'ஆமாம், சரி' என்று அர்த்தமாம். பத்து மாதம் கழித்து, நேற்றுதான் எனக்குத் தெரிந்தது.

மெலே என்று ஒரு பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி. மாதிரித் தேர்வில் பின்னக் கணக்கு அத்தனையையும் தப்பாகப் போட்டிருந்தாள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டாம். யார் இப்படிச் சொன்னது என்று கேட்டேன்.

"நீங்கதான் மிஸ், சரின்னு சொன்னீங்க" என்று புருவத்தைத் தூக்கிக் காட்டினாள்.

பரீட்சை வியாழக்கிழமை. இன்று செவ்வாய். தேறினால்தான் அவள் தலைநகரத்துப் பெரிய பள்ளிக்குப் போக முடியும். அங்கே விரித்துப் படுக்க அவள் அம்மா இப்போதே பாய் முடைந்து வைத்திருக்கிறாள்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். இன்னமும் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோதான் ஓட்டுகிறார். "உங்கம்மா புருவத்த தூக்குனா, நான் இன்னா தப்பு பண்ணேன்னு வண்டிய ஓரங்கட்டிட்டு யோசிப்பேன். அத்தப் போயி சரின்னு நெனச்சிகினாங்களா?" என்று சிரித்தார். நான் அழுவது கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "அழுவாத கண்ணு. இன்னும் ரெண்டு நாள் கீதில்ல" என்றார்.

இரண்டு நாளில் பத்து மாதப் பாடத்தை எப்படியம்மா திருப்பிச் சொல்லிக்கொடுப்பது?

இன்று வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பிறகு கணக்கு ஆரம்பித்தோம். மெலே ஒரு விடை சொன்னாள், தப்பு. என் புருவம் தானாக ஏறிவிட்டது. எல்லாம் சொன்ன பிறகும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன் அம்மா. எங்கே போய் முட்டிக்கொள்வது?

தலைவலி வந்தால் பழைய புடவையைக் கிழித்து நெற்றியில் இறுக்கிக் கட்டுவாயே, அந்தத் துணி ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. நாளைக் காலையில் அதைப் புருவத்தின் மேலேயே கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். அந்தத் துணியை விட்டால் உன்னிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது அந்தப் புருவம் ஒன்றுதான். கோபித்துக்கொள்ளாதே. தப்பு என்றால் தப்பு என்று வாயால் சொல்வேன். வியாழக்கிழமை பரீட்சையில் மெலே கடைசிக் கணக்கை எழுதிவிட்டுப் பேனாவை மூடும்வரை அவிழ்க்க மாட்டேன், சத்தியம்.

உன் முகத்தை வாங்கிக்கொண்டு வந்த மகள்,
எஸ்தர்