வாடகை சர்வரில் மணி எத்தனை?

நவம்பர் 4, 2024, திங்கள்

இனயம் கடற்கரையின் மீன்பிடி வள்ளங்களுக்காக நான் எழுதிய கணினி ஸ்கிரிப்டை இன்று மதியம் வாடகை சர்வரில் ஏற்றினேன். கடலுக்குப் புறப்படும்போது போனில் ஒரு பொத்தான், கரையேறியதும் இன்னொன்று. மீனவர் சங்க எழுத்தர் பெமிலா தினமும் காலை ஆறு மணிக்குப் பக்கத்தைத் திறந்ததும், முந்தின நாள் போய் இன்னும் திரும்பாத வள்ளங்களின் வீட்டாருக்கு எச்சரிக்கை போகும். ஆபீஸ் சர்வரில் மூன்று வாரம் ஓட்டியும் ஒரு பிழை இல்லை.

நவம்பர் 5

போச்சு. "வள்ளம் திரும்பவில்லை" என்று ஒன்பது வீடுகளுக்குச் செய்தி போயிருக்கிறது. எல்லாம் இன்று விடியற்காலையில்தான் புறப்பட்ட வள்ளங்கள்!

தோஹாவிலிருந்து சிஜின் அழுதுகொண்டே கூப்பிட்டான். அவன் அப்பாவின் வள்ளமும் அதில் ஒன்று. "எங்கப்பா எங்க, அக்கா? அம்மையும் போன் எடுக்கல்ல." உண்மை தெரிந்ததும் கத்தினான்: "எனக்க நம்பர வெட்டுங்க. இந்த எழவே வேண்டாம்."

வெட்டினேன்.

நவம்பர் 6

இன்றும் எட்டு. ஆபீஸ் சர்வரில் அதே ஸ்கிரிப்ட், அதே விவரங்கள், ஒரு பொய்ச் செய்தியும் இல்லை. பேய் பிடித்திருக்கிறதா அதற்கு?

முதலாளி முருகதாஸ் சார் சொன்னார்: "மக்கா, சங்கத்துக்காரங்க வெள்ளிக்கெழம வரைக்கும்தான் பொறுப்பாங்க."

நான் தனியாகச் செய்த முதல் வேலை. அது கிடக்கட்டும் — நாளைக்கு உண்மையிலேயே ஒரு வள்ளம் திரும்பாவிட்டால் யார் நம்புவார்கள்?

நவம்பர் 7

வரி வரியாகப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

கண்டுபிடிச்சுட்டேன்!

இனயத்துக்கே போய்விட்டேன். வள்ளங்கள் புறப்பட்ட நேரத்தைப் பெமிலா ஒரு நோட்டிலும் எழுதி வைக்கிறாள். பொய்ச் செய்தி வந்தவற்றை வட்டமிட்டோம். நாலேகால், நாலே முக்கால், ஐந்தேகால்... ஐந்தரைக்குப் பிறகு போன ஒன்றுக்குக்கூட வட்டம் இல்லை.

"அஞ்சரைக்கு முந்திப் போனவங்க என்னக்கா குத்தம் செஞ்சாங்க?" என்றாள். அதற்குள் மஸ்கட்டிலிருந்து அவள் கணவரின் அழைப்பு. எடுத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அங்க இப்போ மணி எத்தன?"

அட மண்டூகமே! வெளிநாட்டில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. அந்த சர்வரிடம் மட்டும் நான் கேட்கவே இல்லை.

கேட்டேன். உலகப் பொது நேரத்தில், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இங்கே விடியற்காலை நாலரை என்றால், அந்த சர்வருக்கு முந்தின நாள் இரவு பதினொன்று. இன்று போனவரை நேற்றே போனவராகக் குறித்துவிடுகிறது. ஆபீஸ் சர்வரில் இந்திய நேரம். அதனால் அங்கே தெரியவே இல்லை. எந்த ஊர் நேரம் என்று ஸ்கிரிப்டில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டே வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது! பெமிலாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

நவம்பர் 9

பதினாலு வள்ளம் கடலில். பொய்ச் செய்தி ஒன்றுகூட இல்லை. முருகதாஸ் சார் ஆபீஸ் முழுக்கப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். நான் மூன்று தின்றேன்.

நவம்பர் 21, வியாழன்

இன்று காலை ஓர் எச்சரிக்கை போனது. உண்மையான எச்சரிக்கை. நேற்றுப் போன ஜெனினின் வள்ளம். பக்கத்துத் துறைமுகமான தேங்காப்பட்டணத்தில் ஒதுங்கியிருப்பான் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். செய்தி வந்ததும் அங்கே விசாரித்தால், ஆள் இல்லை. உடனே இரண்டு வள்ளங்கள் தேடிப் போயின. எஞ்சின் நின்று மிதந்துகொண்டிருந்தவர்களைப் பத்து மணிக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். நாலு பேரும் சுகம்.

விஷயம் கேள்விப்பட்டு, சாயங்காலம் சிஜின் கூப்பிட்டான்.

"அக்கா, எனக்க நம்பரத் திரும்பப் போடுவியளா? அம்மைக்க நம்பருக்கு மேலயே போடுங்க."

போட்டுவிட்டேன்.