மூச்சுத் துண்டு

1938 பிப்ரவரி 7

இன்னிக்கு முழுக்க குதிரை. மணல் தட்டுல கொட்டாங்கச்சிய தட்டித் தட்டி ஒரு துரத்தலுக்கு வேண்டிய குளம்புச் சத்தம் எல்லாம் எடுத்தாச்சு. ஒலி மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடல. சுத்தமான பதிவு. கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்.

பக்கத்து வீட்டு மிஸஸ் ஹகின்ஸ் மறுபடியும் ஒரு சட்டி பீன்ஸ் வாசல்ல வெச்சுட்டுப் போயிருக்காங்க. போன வாரத்துச் சட்டியே இன்னும் கழுவல. வெரேனா இருந்தா திட்டியிருப்பா. அவ இருந்தா சட்டியே வந்திருக்காது.

பிப்ரவரி 9

தெருவுல பசங்க கவ்பாய் விளையாடுதுங்க. கட்டைத் துப்பாக்கி, அம்மாவோட கைக்குட்டை கழுத்துல. ஒருத்தன் வேலி மேல ஏறி நின்னு எங்க கம்பெனிப் பட ஹீரோ டஸ்டி ராலண்ட் கூவற மாதிரி கூவறான். மார்புக் குரல்ல ஆரம்பிச்சு, பட்டுனு உடைச்சு, உச்சிக்கு ஏத்தி, திரும்ப எறக்கி... பாதியில இருமிட்டான்.

அது டஸ்டி கூவல் இல்லடா. என் பொண்டாட்டிது.

வெளிய சொல்ல முடியாது. கம்பெனியில நாலஞ்சு பேருக்குத்தான் தெரியும். டஸ்டிக்குப் பாட்டு வரும், கிதார் வரும், குதிரை மேல ஒக்காந்தா அழகா இருப்பான். குரலை உடைக்க மட்டும் வராது. விஸ்கான்சின்ல மாட்டுப் பண்ணைக்காரங்க வீட்டுல பொறந்த வெரேனாவுக்கு அது பல் தேய்க்கற மாதிரி. அவன் பாட்டு முடியற எடத்துல இவ கூவுவா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் முள்ளைப் பாத்துக்கிட்டு இருப்பேன். படத்துல அவன் வாய் அசைப்பான், ஊரே அவனுக்குக் கை தட்டும். அவளுக்கு அது ஒரே வேடிக்கை. “ஆறடி ஆம்பளைக்குள்ள குடக்கூலி இல்லாம இருக்கேன் பாரு” அப்படிம்பா.

நவம்பர்ல அவளுக்குக் குடல்வால் வெடிச்சுது. வயித்து வலி, காலையில சரியாயிடும்னா. இதுக்கு மேல எழுத வரல.

பிப்ரவரி 15

மிஸ்டர் குவிம்பி கூப்பிட்டு விட்டார். படம் எடுக்கறவர், சம்பளம் குடுக்கறவர். அதனால நின்னுக்கிட்டே கேட்டேன்.

“அடுத்த படத்துல மலை உச்சியில கூவல் வேணும் எம்மெட். கூவல் இல்லாத டஸ்டி படத்த எந்தக் கொட்டாய்க்காரன் எடுப்பான்?”

வேற யாரையாவது வெச்சு எடுக்கலாமேன்னேன்.

“எடுத்து? வர்றவ போய் நாலு பேருகிட்ட சொல்லி, பேப்பர்ல வந்து, நாம எல்லாரும் கடைய மூடிக்கிட்டுப் போறதா? பழைய ஃபிலிம் இருக்குல்ல, அதுலேர்ந்து எடு.”

“சுருதி சேராது சார். டஸ்டி குரல் சுருட்டுக் குடிச்சுக் கீழ எறங்கிடுச்சு.”

“அப்ப மோட்டாரை மெதுவா ஓட்டு. நீ படிச்சவன்தானே?”

அப்புறம் தோள்ல கை வெச்சார். கை கனமா இருந்துது. அவ்வளவுதான் ஞாபகம்.

பிப்ரவரி 18

பழைய ஒலி ஃபிலிம் எல்லாத்தையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். ஓரத்துல கோடா அவ குரல். உடையற எடம் ரம்பப் பல் மாதிரி தெரியும், கேக்காமலே கண்டுபிடிச்சுடுவேன்.

ஒரு விஷயம் இன்னிக்குத்தான் உறைச்சுது. எதுலயும் மூச்சு இல்ல. பாட்டுல மூச்சு கேக்கக் கூடாதுங்கறது கம்பெனி சட்டம். கவ்பாய்க்கு மூச்சு வாங்காது. நான் மெழுகுப் பென்சில்ல குறி போடுவேன், ஃபிலிம் ஒட்டற ஓபல் கத்திரியால வெட்டுவா, ஒட்டின எடத்துல டக்குனு சத்தம் வராம இருக்க கறுப்பு மை தடவுவோம். துண்டெல்லாம் கோணிக்குப் போகும், கோணி, ஃபிலிம்லேர்ந்து வெள்ளிய உருக்கி எடுக்கறவன் வண்டியில போகும்.

கூவல் டஸ்டிதுன்னு ஆயாச்சு. மூச்சு மட்டும்தான் அவளுது. அது ஒண்ணு கூடவா எங்கயும் மிஞ்சல?

ஓபல்கிட்ட கேட்டேன். பாவம், உதட்டைக் கடிச்சுக்கிட்டா. “எல்லாம் போயிருக்கும்டா கண்ணா. கோணிய அப்பப்ப காலி பண்ணிடுவாங்களே.”

பிப்ரவரி 21

மோட்டாரை மெதுவா ஓட்டினேன். சுருதி எறங்குச்சு, சேந்துது. கணக்கு சரி.

ஆனா அந்தக் குரல்! நாக்கு தடிச்சு, வார்த்தை இழுத்து... ஆஸ்பத்திரியில கடைசி ரெண்டு நாள் இப்படித்தான் பேசினா. “எம்மெட்... தண்ணி...” அப்படியே அதே மாதிரி. அந்தக் குரலை நான் என் கையால திருகி வரவெச்சிருக்கேன்.

குவிம்பி கேட்டுட்டு, “இப்பதான்யா ஆம்பள கூவற மாதிரி இருக்கு!”ன்னார்.

மார்ச் 2

விடாத மழை. ஆத்துப் பாலத்தை வெள்ளம் அடிச்சிட்டுப் போச்சு. வேலை இல்ல. நாற்காலியிலயே ஒக்காந்திருந்தேன். கட்டில்ல படுக்கறதில்ல.

மார்ச் 17, லோன் பைன்

பாறைக்கு நடுவுல படப்பிடிப்பு. ஒலிபெருக்கிய கள்ளிப் பக்கத்துல வெச்சு, நான் இசைத்தட்டை ஓட்டணும், டஸ்டி குதிரை மேலேர்ந்து அதுக்கு வாய் அசைக்கணும். பாட்டு வரைக்கும் நல்லாப் போச்சு. கூவல் வந்ததும் கடிவாளத்த இழுத்து நிறுத்திட்டான். டைரக்டர் கத்தறார், அவன் காதுலயே வாங்கல. குதிரைய நேரா என் ஒலி வண்டிக்கு விட்டான்.

“எம்மெட்டு, என்னய்யா இது? செத்த கன்னுக்குட்டி கத்தற மாதிரி?”

“உன் சுருதிக்கு எறக்கினது. நீ சுருட்டை விட்டிருந்தா இது தேவைப்பட்டிருக்காது.”

தொப்பிய எடுத்து மடியில வெச்சுக்கிட்டான். “மைக் பக்கத்துல நிக்கறப்ப என் விலாவுல இடிப்பா தெரியுமா? ‘மொதல்ல மூச்சை இழு, மாடு மாதிரி முழிக்காத’ம்பா. நான் இழுக்கறதுக்குள்ள அவ கூவி முடிச்சிருப்பா.”

சொல்லிட்டு சிரிச்சான். அடிக்கணும் போல இருந்துது. என்கிட்ட இல்லாத ஒரு வெரேனா இவன்கிட்ட இருக்கா. ஏன்? இவன் யாரு?

அப்புறம் போய் வாய் அசைச்சான். அவனும் சம்பளக்காரன்தானே.

மார்ச் 30

எழுத ஒண்ணும் இல்ல.

ஏப்ரல் 6

மெதுவா எழுதறேன்.

ஒலிச் சேர்ப்பு நாள் இன்னிக்கு. பாட்டுக்கு ஒரு சுருள், குளம்புக்கு ஒரு சுருள், எல்லாத்தையும் சேத்து ஓட்டி ஒண்ணாக்கணும். சுருள்ல சத்தம் வேண்டாத எடத்துக்கு ஒலிக் கோடு இல்லாத பழைய படத் துண்டை ஒட்டி நிரப்பறதுதான் வழக்கம். குளம்புச் சுருள் ஓடுது. கொள்ளைக்காரன் பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கான், ஒரு சத்தமும் வரக் கூடாது.

வந்துது. நாக்கை மேலண்ணத்துலேர்ந்து எடுக்கற ஒரு சின்ன ‘ட்சு’. அப்புறம் நீளமா, உள்ள ஒரு இழுப்பு.

அவ. அந்த ‘ட்சு’ வேற யாருக்கும் கெடையாது. கூவறதுக்கு முன்னாடி, சாமி கும்பிடறதுக்கு முன்னாடி, என்னைத் திட்டறதுக்கு முன்னாடி.

“என்ன எழவு சத்தம் அது?”ன்னார் குவிம்பி.

“குப்பை சார். எடுத்துடறேன்.”

ஓபல் ஓடி வந்தா. அவசரத்துல படத் துண்டுக்குப் பதிலா, கோணிக்குப் போகாம கெடந்த ஒரு ஒலித் துண்டை ஒட்டிட்டாளாம், கைக்கு எட்டினதை எடுத்தாளாம். வேலைக்கு வந்ததுலேர்ந்து இப்படி ஒரு தப்புப் பண்ணதில்லன்னு அழுதா. நான் அந்தத் துண்டை வெட்டிச் சுருட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். ஒரு முழம் இருக்குமா? வெளிச்சத்துல பாத்தா எறும்பு ஊந்த மாதிரி.

ஏப்ரல் 7

பெரிய தப்புப் பண்ணிட்டேன். அந்தத் துண்டை நகல் எடுத்து, நகல் ரெண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி ஓட்டினேன். நிறுத்தாம கேக்கலாம்னு.

இழுக்கறா. இழுக்கறா. மறுபடியும் இழுக்கறா. ஒரு தடவை கூட வெளிய விடல. அதுல இழுப்பு மட்டும்தானே இருக்கு! விடு வெரேனா, விட்டுடுன்னு கத்தியிருக்கேன். நான் கத்தினது எனக்கே தெரியல, வாச்மேன் கதவைத் தட்டினாரு.

ஏப்ரல் 8

ஃபிலிம் கிடங்குல ஒக்காந்திருந்தேன். இந்த ஃபிலிம் சட்டுனு பத்திக்கற சாதி, ஒரு தீக்குச்சி போதும். அந்த நினைப்பு வந்துது, நின்னுது, போகல. எனக்கு பயமே வரல. அதுதான் பயம்.

ஓபல் வந்தா. என் கையப் பாத்தா.

“உனக்கு எதுக்குடா தீப்பெட்டி? நீதான் சிகரெட்டே குடிக்க மாட்டியே.”

கையிலேர்ந்து பிடுங்கித் தன் கவுன் பைக்குள்ள போட்டுக்கிட்டா. “எந்திரி. எனக்குப் பசிக்குது, தனியா சாப்பிட்டா செரிக்காது.” சாப்பிட்டோம். ஹாம் சாண்ட்விச். பாதி. அவ பேசிக்கிட்டே இருந்தா, அவ அக்கா வீட்டு நாய் பத்தி.

ஏப்ரல் 20

மெதுவாக்கின கூவலை சுருள்லேர்ந்து எடுத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல. அது அவ இல்ல, அவ சாவு. அதை ஒரு படத்துல ஓட்டி ஊர் ஊரா அனுப்ப என்னால ஆகாது.

அந்த எடத்துல மூச்சுத் துண்டை வெச்சேன். அதுக்கப்புறம் வெறும் காத்து. டஸ்டி வாய் திறப்பான், ஒண்ணும் வராது. சனிக்கிழமை கிளெண்டேல் கொட்டாயில வெள்ளோட்டம். வேலை போயிடும். போகட்டும். அவ ஒரு தடவையாவது தன் பேருக்கு ஒரு சத்தம் போட்டுட்டுப் போகட்டும், அது யாருக்கும் தெரியாட்டியும்.

ஏப்ரல் 23

கொட்டாய் பூரா பொடிசுங்க. சோளப்பொரி, காலால தரையத் தட்டல், ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து சண்டை. குவிம்பி கடைசி வரிசையில, பக்கத்துல டஸ்டி, அவனுக்குப் பின்னாடி நான்.

கடைசிச் சுருள். டஸ்டி மலை உச்சிக்கு வந்தான். பாட்டு முடிஞ்சுது.

‘ட்சு.’ இழுப்பு. அவ்வளவு பெருசா, கொட்டாய் முழுக்க.

டஸ்டி முதுகு விறைச்சுது. அவனுக்குத் தெரிஞ்சுடுச்சு.

திரையில அவன் வாய் திறந்தான். காத்து. குவிம்பி பாதி எழுந்துட்டார். அப்ப முன் வரிசையிலேர்ந்து ஒரு பொடிசு கூவுச்சு. சும்மா, பாதிக் குரல்ல. அடுத்தது. அப்புறம் கொட்டாயே கூவுது, ஆளுக்கொரு சுருதி, பொம்பளப் புள்ளைங்கதான் உச்சியப் பிடிச்சுதுங்க. திரையில டஸ்டி வாய் அசைக்கறான், சத்தம் பூரா கீழேர்ந்து. ஒருத்தனுக்கும் கூவல் சரியா வரல. நான் காதைப் பொத்திக்கிட்டேனா, இல்லையான்னு தெரியல.

வெளிய வந்ததும் குவிம்பி என் சட்டையப் பிடிச்சார். அப்புறம் விட்டார். “யாரைக் கேட்டுப் பண்ண? ...சரி, பசங்க கூவுதுங்க. இருக்கட்டும். ஒவ்வொரு கொட்டாய்லயும் கூவட்டும், விளம்பரம் பண்ணிக்கலாம். ஆனா அந்த மூச்சு அசிங்கமா இருக்கு. அதை வெட்டு. யாரோட மூச்சுய்யா அது?”

நான் வாயைத் திறந்தேன். சொல்லிடணும்னுதான் திறந்தேன்.

“என்னுது”ன்னான் டஸ்டி. சுருட்டைக் கீழ போட்டு பூட்ஸால நசுக்கினான். “மலை ஏறினா மூச்சு வாங்காதா? நான் என்ன மரமா? அது என் மூச்சு சார். வெட்டினா அடுத்த படத்துக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க.”

அவன் என் பக்கம் திரும்பல. அவ கூவலை இத்தனை நாள் தன்னுதுன்னு சொன்ன அதே வாய்.

மே 14

இன்னிக்குப் படப் பெட்டியெல்லாம் கெளம்பிடுச்சு. டல்சா, பில்லிங்ஸ், விஸ்கான்சினுக்கும் போகுது.

பிரதி எடுக்கறதுக்கு முன்னாடி கடைசிச் சுருளை ஓபலோட ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன். மூச்சுத் துண்டை ஒட்டின எடத்துல டக்குனு ஒரு சத்தம் வந்துது. கறுப்பு மைய எடுத்து என்னைப் பாத்தா. வேண்டாம்னேன்.

வீட்டுக்கு வந்து மிஸஸ் ஹகின்ஸ் சட்டிய எல்லாம் கழுவி வெச்சேன். கட்டில்ல படுக்க இன்னும் முடியல.