பிரான்சு மாப்பிள்ளை ஊர் திரும்புகிறாராம்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கார்குழலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம்தான். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி கவிநிலாவும் எப்படி இருக்கிறீர்களோ என்றே நினைப்பாக இருக்கிறது.

நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து கம்பெனி வைக்கப் போகிறாராமே? இந்தியா கிடுகிடுன்னு வளருது, இனிமே எல்லாம் அங்கதான் என்கிறாராமே? ஏன்டி, பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை வேண்டும் என்றுதானே வில்லியனூர் சொந்தத்தையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டு, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பமாகப் பார்த்து உன்னைக் கொடுத்தோம்? தெருவே வாயைப் பிளந்ததே! இப்போது அதே தெருவில் நான் என்னவென்று சொல்வது?

அப்பாவைக் கேட்டால், வளருதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான், யாரு வீட்டுலன்னு போடலையே என்கிறார். வேலை பார்த்த மில்லை மூடினபோதும் இந்த மனுஷன் இப்படித்தான் பேப்பரும் கையுமாக இருந்தார். ஆனால் வளரவில்லை என்றும் சொல்ல முடியவில்லையே. பிள்ளைச்சாவடி வரைக்கும் ரோட்டோரம் கட்டடமாக எழும்புகிறது, மீன் விற்கிற குஞ்சம்மாள்கூடக் கூடையில் ஸ்கேன் அட்டையை மாட்டிக்கொண்டு, காசை போன்லயே போட்டுடுக்கா என்கிறாள். உன் தம்பி இளம்பரிதியோ இன்ஜினீயரிங் முடித்துவிட்டு சேதராப்பட்டு ஃபாக்டரியில் இன்னமும் காண்ட்ராக்ட் வேலைதான். இந்த ஊர்ல இருந்து என்னம்மா பண்றது என்று சொல்லிவிட்டு, சாயங்காலமானால் மோனிக் அம்மாவிடம் பிரெஞ்சு படிக்க ஓடுகிறான். பரீட்சையிலும் தேறிவிட்டான், மேல்படிப்புக்கு அங்கேதான் வரப்போகிறான். அங்கே இருக்கிறவர் இங்கே வருகிறார், இங்கே இருக்கிறவன் அங்கே போகிறான். இரண்டு பேரும் படித்தவர்கள். யார் சொல்வதை நம்புவது? எனக்கு ஒரு இழவும் விளங்கவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன். நீ வருகிறாய் என்றதும் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளலாமே. அடுத்த நிமிஷமே, கம்பெனி ஓடாவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற கவலை வந்துவிட்டது. வா என்றும் சொல்ல வரவில்லை, வராதே என்றும் சொல்ல வரவில்லை. மாப்பிள்ளை முதலில் லீவு போட்டு வந்து நாலு இடம் பார்க்கட்டும். அதுவரைக்கும் வேலையை விடவேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். குழந்தைக்குத் தலை காயாமல் தொப்பி போடாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அக்கா வீடு இருக்கு, எனக்கென்ன கவலை என்று தம்பி பெட்டிகூட வாங்கிவிட்டான். நீங்கள் காலி செய்துகொண்டு வரப்போவது அவனுக்கு இன்னும் தெரியாது. எனக்கு வாய் வரவில்லை, நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் உன் அம்மா
ஆதிலட்சுமி