வாசித்தது நான், முடித்தது நீங்கள்

கையில் மெழுகு வாசம் இன்னும் போகவில்லை, சம்பந்தி. சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து, கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு இப்போதுதான் போத்தனூர் வந்து சேர்ந்தேன். லூத்தரன் சபையில் பிறந்து வளர்ந்த ஒரு கிழவன் கத்தோலிக்கக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினான் என்று எங்கள் போதகர் கேள்விப்பட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு அவர் வேறு விஷயம் தேட வேண்டியதில்லை. நீங்கள் இருந்திருந்தால் தொடையில் தட்டிச் சிரித்திருப்பீர்கள்.

என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கல்யாணம் உங்கள் கோயிலில்தான் என்று முடிவானபோது எனக்குக் கசப்புதான். பெண்ணைக் கொடுக்கிறோம், வேதத்தையும் சேர்த்தா கொடுப்பது என்று வீட்டில் முணுமுணுத்தேன். அந்தக் கசப்பைத் தீர்த்துக்கொள்ளத்தான் சனிக்கிழமை சாயங்காலங்களில் டவுன் பஸ் ஏறி, காந்திபுரத்தில் நீங்கள் வைத்திருந்த மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு வர ஆரம்பித்தேன். சண்டை போட வந்தவன் டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த சனிக்கிழமையும் வந்தேன்.

நம் சண்டைக்கு இரண்டே வாக்கியம் போதும். எதற்கெடுத்தாலும் நான், "வேதத்துல எங்கெ எழுதியிருக்குதுங்க?" என்பேன். நீங்கள், "திருச்சபை சொல்லியிருக்குதுங்க" என்பீர்கள். மாதா வணக்கம், போப்பாண்டவர், செத்தவர்கள் பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஒரு நாள் பாதி பிரித்த மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

"ஏனுங்க சம்பந்தி, மோட்டார் வாங்குனா கூடவே ஒரு புஸ்தகமும் தர்றானுங்க. அதெப் படிச்சுப்போட்டு நீங்களே கம்பி சுத்திக் காயில் கட்டீருவீங்களா? கட்டிக் கட்டிப் பழகுன கை ஒண்ணு வேணுமில்லீங்க?"

கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவன் நான், விடுவேனா? "ஸ்டேஷன் மாஸ்டரே வந்து சொன்னாலுஞ் செரீங்க, ரூல் புக்குல இல்லாததுக்கு நான் பச்சைக்கொடி காட்ட மாட்டனுங்க."

"அது செரீங்க. இதுதான் ரூல் புக்குன்னு முடிவு பண்ணிக் குடுத்தது ஆருங்க?"

வேதத்தைத் தொகுத்துக் கொடுத்ததே திருச்சபைதான் என்கிறீர்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. வாயில் வர்க்கியும் இருந்தது.

அப்புறம் சம்பந்தியம்மா போய்விட்டார்கள். என்னை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டவர்கள். நீங்கள் கடையைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். நானும் எதிரே சும்மா உட்கார்ந்திருப்பேன். சண்டைக்கு நம் இருவருக்குமே தெம்பு இல்லை. வருஷத் திருப்பலி நெருங்கியபோதுதான் நீங்கள் வாய் திறந்தீர்கள்.

"நீங்கதானுங்க வாசகம் வாசிக்கோணும். உங்க ஊட்டு ஜெபத்துல நீங்க வேதம் வாசிச்சதெக் கேட்டுப்போட்டு, அண்ணன் வாசிச்சா நெம்ப நல்லா இருக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. பங்குச் சாமியார்கிட்டயுங் கேட்டுப்போட்டேன், செரின்னு சொல்லிட்டாரு."

சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வாசகம் எதுவென்று பார்த்தேன். பகீரென்றது. உங்கள் வேதத்தில் இருக்கிற, எங்கள் வேதத்தில் இல்லாத ஏழு புத்தகங்கள் உண்டல்லவா, அவற்றில் ஒன்றிலிருந்து எடுத்த பகுதி. போரில் செத்துப்போன வீரர்களுக்காக அவர்களுடைய தலைவன் பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லும் இடம். இறந்தவர்களுக்காக நீங்கள் ஜெபிப்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிற இடமும் அதுதான். எங்களுக்கு அந்தப் புத்தகமும் இல்லை, அந்த ஜெபமும் இல்லை.

வாசிப்பதுகூடப் பரவாயில்லை. வாசித்து முடித்ததும் வாசிப்பவர், "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்ல வேண்டும். சபை அதற்கு நன்றி சொல்லும். வேதம் என்று நான் நம்பாத ஒன்றை வேதம் என்று, அதுவும் சம்பந்தியம்மாவின் பெயரால் கூடிய இடத்தில், எப்படிச் சொல்வேன்? மறுத்தால் உங்கள் மனது நோகும். சொன்னால் நான் பொய்யனாவேன். கடைசியில் கடைக்கு வந்து உள்ளதைச் சொன்னேன்.

"இந்தப் புஸ்தகமெல்லாம் வாசிக்க நல்லதுன்னு உங்க லூத்தரே சொல்லியிருக்காருன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றீர்கள்.

"வாசிக்க நல்லது, வேதத்துக்குச் சமமில்லைன்னும் சொன்னாருங்க. அந்தக் கடைசி வரி மட்டும் என் வாயில வராதுங்க, சம்பந்தி."

நீங்கள் சுவரில் மாலை போட்டிருந்த சம்பந்தியம்மா படத்தைப் பார்த்தீர்கள். "செரீங்க, வாங்க" என்றீர்கள். அவ்வளவுதான்.

அன்று கோயிலில் வாசக மேடையில் நின்று, எனக்குத் தெரிந்த அளவு நன்றாக வாசித்தேன். முடிந்தது. நின்றேன். சனங்கள் கடைசி வரிக்காகக் காத்திருந்தார்கள். பின்னால் யாரோ இருமினார்கள். அப்போது முன்வரிசையில் நீங்கள் எழுந்து நின்று, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றீர்கள். "இறைவா, உமக்கு நன்றி" என்றது சபை. நான் இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாசிச்சது நீங்க, சாட்சி சொன்னது நானுங்க. ரெண்டு பேரு மனசும் சுத்தம்" என்று வெளியே வந்து சொன்னீர்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். என்னை மாற்றப் பார்க்காமல் என்மேல் அத்தனை அன்பு வைத்தவர்கள் என் சபையிலும் அதிகம் இல்லை.

அதற்கப்புறம் சம்பந்தியம்மாவின் ஒவ்வொரு நினைவு நாளிலும் அதே வாசகம், அதே ஏற்பாடு. சனங்களும் பழகிவிட்டார்கள். புதிதாக மாற்றலாகி வந்த சாமியார் ஒருவர், இது என்ன புது வழக்கம், எந்தச் சடங்குப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். "எழுதலீங்க சாமி. இது மரபுங்க" என்றீர்கள், என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே.

ஒருமுறை கல்லறையிலிருந்து திரும்பும்போது, "நான் போய்ட்டா எனக்கொரு ஜெபம் சொல்லுவீங்களா?" என்று கேட்டீர்கள். போனவர்களை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், எங்கள் ஜெபம் இருப்பவர்களுக்குத்தான் என்றேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை.

"அப்ப இருக்கறப்பவே நெறைய ஜெபிச்சு வெச்சிருங்க. சேந்து கெடக்கட்டும்."

இன்று உங்களுக்காக அதே வாசகத்தை வாசித்தேன். சம்பந்தியம்மாவின் இந்த வருஷ நினைவு நாளில் வாசிக்க மனம் வராமல் ஒதுங்கியிருந்தேன்; இன்று உங்கள் மகன் கேட்டான், மறுக்க முடியவில்லை. முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் நிறுத்தி முன்வரிசையைப் பார்த்தேன். உங்கள் இடத்தில் பேரன் உட்கார்ந்திருந்தான். வெளியூரில் படித்தவன், அவனுக்கு நம் ஏற்பாடு தெரியாது. எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் நீங்கள் இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. உங்கள் சார்பில், உங்கள் வரியை நானே சொன்னேன். சபை நன்றி சொன்னது.

அந்த ஏழு புத்தகங்களைப் பற்றி என் எண்ணம் மாறிவிட்டது என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நாளைக்கே நீங்கள் எதிரே வந்து உட்கார்ந்தால் எங்கே எழுதியிருக்கிறது என்றுதான் ஆரம்பிப்பேன். ஆனால் கல்லறையில் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடியதும், "ஆண்டவரே, என் சம்பந்தியை" என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. பாதியில்தான் ரூல் புக் ஞாபகம் வந்தது. நிறுத்தவில்லை, ஆமென் வரைக்கும் போனேன். தினமும் இரவு ஜெபத்திலும் இனி உங்கள் பெயர் வரும் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரியே, சேர்ந்து கிடக்கட்டும்.