மாமா கழுவிய தக்காளிச் செடிகள்

ஜூன் 4

பின்பக்கத் தொட்டிகளில் தக்காளிச் செடிகள் பதினொன்றும் இடுப்பளவு வந்துவிட்டன. பூவும் வைத்தாயிற்று. மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா இருக்கும்மா" என்றார். அவ்வளவுதான்.

அத்தை காலமான பிறகு என் வீட்டுக்காரர் அவரை இங்கே அழைத்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் நாற்காலி நுனியில்தான் உட்காருகிறார். ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாய் திறந்து கேட்பதில்லை. "மாசக் கடைசில ஊருக்குக் கெளம்பறேன்" என்பதை மட்டும் தவறாமல் சொல்கிறார். பூட்டிக் கிடக்கும் வீட்டில் தனியாக என்ன செய்வார்? என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு கவலைப்படுகிறார், நான் திறந்துகொண்டு.

ஜூன் 9

அடி இலைகளில் பழுப்புப் புள்ளி. வட்டத்துக்குள் வட்டம், சுற்றிலும் மஞ்சள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க எக்ஸ்ரே எடுக்கிறவள் நான். புள்ளியைக் கண்டால் விடுவேனா?

ஜூன் 10

ஓர் இலையை உறையில் போட்டுச் செடிக்கடைக்காரரிடம் கொண்டுபோனேன்.

"இலைக்கருகல். தண்ணிய மேல ஊத்துறீங்களா? இலை ஈரமாவே இருந்தா, மண்ணு தெறிச்சா, இது வரும்."

நானா? காலையில், வேரில் மட்டும், அளந்து ஊற்றுகிறவள். "அப்ப உங்களுக்குத் தெரியாம உங்க வீட்டுல மட்டும் மழை பெய்யுதுபோல" என்று சிரிக்கிறார். கொழுப்பு.

ஜூன் 12

மழையைக் கண்டுபிடித்துவிட்டேன்.

எக்ஸ்ரே மெஷின் மக்கர் செய்ததால் இன்று ஐந்து மணிக்கே வீடு. வழக்கமாக ஏழாகும். பின்பக்கம் சரசரவென்று சத்தம். மாமா பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஓஸ் பைப்போடு நிற்கிறார். முப்பத்தோரு வருடம் டிப்போவில் பஸ் கழுவியவர். மேலிருந்து ஒரு சுற்று, பிறகு குனிந்து அடியிலிருந்து ஒரு சுற்று.

"அடிப்பக்கம்தான்மா அழுக்கு சேரும். ஒரே தூசி. உனக்கு ஏது நேரம்? தினம் சாயங்காலம் ஒரு கழுவு கழுவிடறேன்."

வந்த நாளிலிருந்து இன்றுதான் சிரித்தார். என்னத்தைச் சொல்ல? "பளபளன்னு இருக்கு மாமா" என்றுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். கோழை.

ஜூன் 13

ஓஸை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஜூன் 14

புது ஓஸ் வாங்கி வந்துவிட்டார். முனையில் பித்தளைக் குழாய் வேறு. "பழச எங்கயும் காணோம்மா. இது ரெண்டு மடங்கு வேகம்." கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

ஜூன் 17

மூன்று செடிகள் தண்டுவரை கறுத்துவிட்டன. தாங்க முடியாமல் கத்திவிட்டேன். "ஐயோ மாமா, கழுவாதீங்க! நீங்க கழுவறதுதான் அதுக்கு நோயே!"

ஓஸைக் கீழே வைத்தார். உள்ளே போனார். சாப்பிட வரவில்லை.

ஏன்டி, உன் நாக்குல என்ன சனியா? நாலு தக்காளிக்காக ஒரு மனுஷன் மனச ஒடைப்பியா? நாளைக்கே அவரு பெட்டியத் தூக்கினா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிறுத்துவ? சொல்லித்தானே ஆக வேண்டும் என்கிறார் என் வீட்டுக்காரர். ஆகவேண்டும்தான். சொல்லும் விதம் என்று ஒன்று இருக்கிறதே.

ஜூன் 18

காலையில் எழுந்து பார்த்தால் மாமா படுக்கையில் இல்லை. உயிரே போய்விட்டது. பின்பக்கம் நின்றிருந்தார், கையில் சாக்பீஸ். தொட்டிகளில் ஒன்று முதல் பதினொன்றுவரை எண் போட்டாயிற்று. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"வண்டி வழில நின்னுட்டா, யாரு கழுவினான்னு கேட்டுட்டு நிக்க மாட்டோம். எந்த வண்டின்னுதான் கேப்போம். இப்ப என்ன பண்ணணும், சொல்லு."

சொன்னேன். மூன்று, நான்கு, ஒன்பது – பிடுங்கி, பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம். "ஓட்டத்துக்கு லாயக்கில்ல" என்று தீர்ப்பு வேறு. மற்றவற்றில் புள்ளி விழுந்த இலைகளை வெட்டினோம். கம்பு நட்டுக் கட்டினோம். காற்றுப் போக இடம்விட்டுத் தொட்டிகளைத் தள்ளி வைத்தோம். மண் தெறிக்காமலிருக்கச் சருகு பரப்பினோம். ஒவ்வொரு செடிக்கும் கத்தரிக்கோலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் கழுவிய அழகை எங்கள் டாக்டர்கள் பார்க்க வேண்டும்.

ஜூன் 25

ஏழாம் நம்பரில் புள்ளியோடு ஒரே ஓர் இலை. நான் பார்ப்பதற்குள் வெட்டிவிட்டிருந்தார்.

ஜூன் 30

மாதக் கடைசி. ஊருக்குக் கிளம்பும் பேச்சை அவரும் எடுக்கவில்லை. நானா எடுப்பேன்?

ஜூலை 19

இரண்டாம் நம்பரில் முதல் பழம் சிவந்துவிட்டது! பாத்திரம் கழுவிய கையோடு ஓடிப்போய் இலையை விலக்கினேன்.

"அறிவிருக்கா உனக்கு? ஈரக் கையோட செடியத் தொடாதன்னு எத்தன தரம் சொல்றது? படிச்சவதானே நீ?"

தெருக்கோடிவரை கேட்டிருக்கும். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மாமா என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. இவர் பதறிக்கொண்டு வந்தார். "அப்பா, அவளப் போயி –"

"நீ உள்ள போடா. செடியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன். கொஞ்சம் அழுகையும் வந்தது. இவர் பின்னாலேயே வந்து, "மனசுல வச்சுக்காத, வயசானவரு" என்று கெஞ்சுகிறார்.

"அட போங்க, நீங்க ஒண்ணு. அடுத்தவங்க வீட்டுல இருக்கறவரு இவ்வளவு சத்தம் போடுவாரா?"